வெள்ளைத் தோலும் வெறுங்கையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சென்ற இதழில், "அமெரிக்காவில் ஏழை என்றால் கறுப்பினத்தவர்தானே?" என்று கேட்டிருந்த ஒரு வாசகருக்கு, "இல்லை, அங்குள்ள மலைநாட்டு வெள்ளையரிலும் பரம ஏழைகள் உண்டு, அவர்களுடைய கதை நமக்கு அந்நியமானதன்று" என்று இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையை நிறைத்துவிட்டபடியால், சினிமாக் கேள்விகளையும் சோதிடக் கேள்விகளையும் அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இந்தப் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே கொடுக்கிறேன்.

கேள்வி: நாற்பது வருடம் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன் நான். என் தகப்பனார் காலத்திலிருந்து நாங்கள் கண்ட வெள்ளைக்காரர் எல்லாரும் பங்களாவில் இருந்தவர்கள். வெள்ளைக்காரனும் பட்டினி கிடந்தான் என்றால் மனம் ஏற்க மறுக்கிறது. அவர்கள் எப்படி ஐயா ஏழையானார்கள்?
— ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர், ஹட்டன்

பதில்: நம்மிடம் கப்பலேறி வந்தவர்கள் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்கள், ஐயா, அவர்கள் புறப்பட்டு வந்த வீடுகளை நாம் பார்த்ததில்லை. லூல்கந்துரையில் 1867இல் தேயிலை பயிரிட்டுக் காட்டிய ஜேம்ஸ் டெய்லர், ஸ்கொத்லாந்தில் வண்டிச்சக்கரம் செய்யும் ஒருவரின் மகன். 1852இல், பதினேழு வயதுகூட நிரம்பாத நிலையில், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சின்னத்துரையாக வந்தவர். ஊரில் தச்சன் மகனாக இருந்தவர் இங்கே துரையானார் என்றால், அவரைத் துரையாக்கியது அவர் தோல் மட்டுமன்று, அவருக்குக் கீழே நிறுத்தப்பட்டிருந்த நம் ஆட்களும்தான்.

அமெரிக்காவுக்கு வருவோம். வேர்ஜீனியாவுக்கு 17ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்த ஆங்கிலேயரில் பெரும்பாலோர் கப்பல் கூலிக்குக் காசில்லாமல், நான்கு முதல் ஏழு ஆண்டு வரை ஒரு எசமானுக்கு உழைத்துக் கழிப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஏறியவர்கள். நம் பாட்டன்மார் கங்காணியிடம் வாங்கிய முற்பணம் 'துண்டு' என்ற கடன்சீட்டில் ஏறி அவர்களோடு தோட்டம் தோட்டமாக நடந்ததே, அதன் தூரத்து உறவு இது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசத்தை மறைக்கக் கூடாது: தவணை முடிந்தால் அந்த வெள்ளையருக்கு விடுதலை இருந்தது, அதே புகையிலைத் தோட்டத்தில் பக்கத்தில் நின்று உழைத்த ஆபிரிக்கருக்கோ, காலப்போக்கில், முடிவதற்குத் தவணையே இல்லாமற் போயிற்று.

விடுதலையானவர்கள் போய்ப் பார்த்தபோது ஆற்றங்கரை நல்ல மண் எல்லாம் பெரிய குடும்பங்களின் கையில் இருந்தது. ஆகவே தலைமுறை தலைமுறையாக மேற்கே தள்ளப்பட்டு, அப்பலேச்சியா என்று சொல்லப்படும் மலைத்தொடரின் பள்ளத்தாக்குகளில் பலர் ஒதுங்கினார்கள். அடிமைமுறை உச்சத்தில் இருந்த 1860இல்கூடத் தென்மாநிலங்களின் வெள்ளைக் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்கினரிடம் ஓர் அடிமையும் இருக்கவில்லை.

மலையில் ஒதுங்கியவர்களுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலமாவது இருந்தது. அதுவும் எப்படிப் போயிற்று என்பதைக் கணக்கு எழுதிய நீங்கள் ரசிப்பீர்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கென்டக்கி மாநிலத்து மலைக்குடிகளிடம் தரகர்கள் வந்து, "நிலம் உங்களுக்கே, அடியில் கிடப்பதை மட்டும் எழுதித் தாருங்கள்" என்று கேட்டு, ஏக்கருக்கு அற்பக் காசைக் கொடுத்துக் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். அடியில் கிடந்தது நிலக்கரி; அதை எடுப்பதற்குத் தேவையான எதையும் மேலே செய்துகொள்ளலாம் என்றும் அந்தப் பத்திரத்தில் எழுதியிருந்தது. பேரப்பிள்ளைகள் காலத்தில் மண்வாரி இயந்திரம் வந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த குன்றையே வழித்துக்கொண்டு போனபோது, நீதிமன்றம் பத்திரத்தைப் பார்த்துத் தலையை ஆட்டியது. 1965 நவம்பரில் ஒல்லி கோம்ஸ் என்ற 61 வயது விதவை, தன் வீட்டுக்கு மேலே வந்த இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். பொலிஸார் இருவர் அவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கும் புகைப்படம் நாடெங்கும் போயிற்று. அந்த ஆண்டு நன்றி நவிலல் திருநாள் விருந்தை அவர் சிறையில்தான் சாப்பிட்டார். அந்தப் பத்திரங்களின் பல்லைப் பிடுங்கும் அரசியலமைப்புத் திருத்தத்தைக் கென்டக்கி வாக்காளர்கள் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்ட ஆதரவோடு நிறைவேற்றியது 1988இல்.

கேள்வி: அவர்களுடைய கதை நமக்கு அந்நியமானதன்று என்று எழுதியிருந்தீர்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் என்ன ஒப்புமை?
— தோட்டத்தில் பிறந்து வளர்ந்த வாசகி, பொகவந்தலாவை

பதில்: மகளே, நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேற்கு வேர்ஜீனியாவிலும் கிழக்குக் கென்டக்கியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சுரங்கத் தொழிலாளி குடியிருந்த பலகை வீடு கொம்பனியுடையது. சாமான் வாங்கிய கடை கொம்பனியுடையது. வைத்தியருக்கான காசைக் கொம்பனியே சம்பளத்தில் கழித்தது. பல இடங்களில் தேவாலயம் நின்ற நிலமும் அதனுடையதே. சம்பளத்தைக்கூட நாட்டுக் காசாகக் கொடுக்காமல், கொம்பனியின் பெயர் பொறித்து, நடுவில் ஓர் எழுத்தின் வடிவத்தில் துளை வெட்டிய உலோக வில்லைகளாகக் கொடுத்தார்கள். அந்த வில்லை கொம்பனிக் கடையில்தான் செல்லும். டொலராக மாற்றப் போனால், கொடுத்த மதிப்புக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். சம்பள நாளுக்கு முன்பே அரிசியும் மாவும் கடனாக எடுத்துவிட்டு, சம்பள நாளில் பற்றுக்கும் வரவுக்கும் சரியாகி வெறுங்கையோடு திரும்பிய நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது.

எனக்கு இந்த ஒப்புமை உறைத்தது தராசில்தான். என் அப்பாயி கொழுந்து நிறுக்கும் நேரத்தில் தராசு முள்ளைப் பார்க்கமாட்டார்; கணக்கப்பிள்ளையின் உதட்டைத்தான் பார்ப்பார். முள் எங்கே நின்றாலும் உதடு சொல்வதுதான் சம்பளக் கணக்கேடான செக்ரோலில் ஏறும் என்பது அவருக்குத் தெரியும். ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு, மழை பெய்யாத நாளிலும் ஈரத்துக்குக் கழித்த ஒருவரைப் பற்றி அவர் சாகும் வரை முணுமுணுத்தார். (ஹட்டன் ஐயா மன்னிக்கவேண்டும், உங்களைப் போன்ற நல்லவர்களும் இருந்தார்கள் என்றும் அப்பாயி சொல்லியிருக்கிறார்.) சுரங்கத்திலும் அப்படியே. தொழிலாளி இருட்டுக்குள் வெட்டி நிரப்பிய பெட்டியில் தன் இலக்கம் பொறித்த பித்தளை வில்லையை மாட்டி அனுப்புவான். மேலே வெளிச்சத்தில் கொம்பனியின் ஆள் அதை நிறுப்பான். டொன்னுக்கு 2,000 இறாத்தல் என்று கணக்கிடும் நாட்டில், சில சுரங்கங்களில் 2,240 இறாத்தல் ஏற்றினால்தான் ஒரு டொன் கூலி கிடைக்கும். கல் கலந்திருக்கிறது என்றும் கழிப்பார்கள். 1912இல் மேற்கு வேர்ஜீனியாவின் பெயின்ட் கிரீக், கெபின் கிரீக் பள்ளத்தாக்குகளில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வோடு இதுவும் இருந்தது: நிறுவைக்குப் பக்கத்தில் நிற்க, நாங்கள் தெரிவு செய்யும் எங்கள் ஆள் ஒருவர் வேண்டும்.

வேலைநிறுத்தக்காரர் குடும்பங்களை உடனே வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். கொம்பனி வீட்டில் இருப்பவன் வாடகைக் குடியிருப்பாளன் அல்லன், எசமானின் வேலையாள். ஆகையால் வேலை போன அன்றே வீடும் போகலாம் என்பது 1920களில் அம்மாநில நீதிமன்றமே ஏற்றுக்கொண்ட சட்டம்.

வீட்டுக்கு உரிமை இல்லாதவனுக்கு விலாசமும் இல்லை என்பதை நான் என் இருபத்திரண்டாவது வயதில் அறிந்துகொண்டேன். ஓர் அரசாங்க வேலைக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம், லயத்துக்குத் தனி விலாசம் கிடையாத காரணத்தால் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே ஒரு மேசையில் பதினொரு நாள் கிடந்தது. தப்பால்காரர் அதை என் கையில் தந்தபோது பரீட்சை முடிந்து இரண்டு நாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எங்களுக்கு வரும் கடிதம் அவசரமானதாக இருக்கலாம் என்று அந்த ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: ஆங்கிலப் படங்களில் ஏழை வெள்ளையரை 'ரெட்நெக்', 'ஹில்பில்லி' என்று ஏசுகிறார்கள். இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது?
— உயர்தர வகுப்பு மாணவன், பதுளை

பதில்: தம்பி, முதற்சொல்லின் நேர்ப்பொருள் 'செங்கழுத்தன்', வெயிலில் குனிந்து நின்று வேலை செய்து பிடரி சிவந்த வெள்ளைத்தோல்காரன். இரண்டாவது சொல் மலைக்காட்டு ஆளைக் குறிப்பது. இரண்டையும் அகராதியில் தேடவேண்டாம். கொழும்பு பஸ்ஸில் நம் பேச்சைக் கேட்டதும் முன் ஆசனத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தவரிடம் மெல்லச் சொன்ன 'தோட்டக்காட்டான்' என்ற சொல் உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. இத்தகைய சொல் ஒரு மனிதனின் உடையையும் உச்சரிப்பையும் காட்டிச் சிரிக்க வைப்பதால், அவன் நிற்கும் நிலம் யாருடையது என்ற கேள்வியை எவரும் கேளாமல் செய்துவிடுகிறது.

ஆனால் 'செங்கழுத்து' என்ற சொல்லை ஒருமுறை அந்தத் தொழிலாளர்களே கழுத்தில் கட்டிக்கொண்டார்கள். 1920 மே 19ஆம் திகதி, மேற்கு வேர்ஜீனியாவின் மேட்வான் என்ற சிற்றூரில், சங்கத்தில் சேர்ந்தவர்களின் குடும்பங்களை வீட்டிலிருந்து இழுத்து வெளியேற்ற வந்த கொம்பனியின் தனியார் காவலர்களுக்கும், தொழிலாளர் பக்கம் நின்ற அவ்வூர்ப் பொலிஸ் தலைவர் சிட் ஹற்பீல்டுக்கும் இடையே துப்பாக்கிச் சண்டை மூண்டு பத்துப் பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஓகஸ்ட் முதலாம் திகதி, ஆயுதமின்றி நீதிமன்றப் படியேறிக்கொண்டிருந்த ஹற்பீல்டை அந்தக் காவலர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்த மாத இறுதியில் ஏறத்தாழ 10,000 தொழிலாளர்கள் துப்பாக்கி ஏந்தி பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். தம்மவரை அடையாளம் காண அவர்கள் கழுத்தில் கட்டியிருந்தது சிவப்புக் கைக்குட்டை. மலையின் மறுபக்கத்தில் அவர்களை மறித்து நின்றவர் அம்மாவட்டத்தின் ஷெரிப், டொன் சேபின். அரச சம்பளத்துக்கு மேலாகச் சுரங்க முதலாளிகளிடமும் பணம் வாங்கியவர். வாடகை விமானத்திலிருந்து குண்டு போடவும் அவர் ஏற்பாடு செய்தார். கடைசியில் மத்திய அரசின் படை வந்து இறங்கியதும், தம் நாட்டு இராணுவத்தோடு சண்டையிட மனமின்றித் தொழிலாளர்கள் கலைந்தார்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான்: அந்தக் கைக்குட்டையைக் கட்டியவர்களில் மலைநாட்டு வெள்ளையர், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர், இத்தாலியிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் விழுந்த கோவிந்தனின் பெயரை நாம் இன்றும் சொல்கிறோம். பிளேர் மலையோ அம்மாநிலப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில்கூட நெடுங்காலம் இடம்பெறவில்லை.

கேள்வி: வெள்ளையராய்ப் பிறந்தும் முன்னேறவில்லை என்றால் குடியும் சோம்பலும்தானே காரணம்?
— ஒரு வியாபாரி, நுவரெலியா

பதில்: இதே கேள்வியை நம்மைப் பற்றியும் கேட்பவர்கள் இருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். தென்மாநிலத்து ஏழை வெள்ளையன் வெளிறிப்போய், வயிறு உப்பி, வேலைக்கு எழும்பாமல் சுருண்டு கிடக்கிறான் என்று அமெரிக்கப் பத்திரிகைகள் நூறாண்டுக்கு முன் கேலி செய்தன. சோதித்துப் பார்த்தால் கொளுக்கிப்புழு. செருப்பில்லாத காலின் வழியே ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழுவைத்தான் அதுவரை சோம்பல் என்று அழைத்துவந்தார்கள். ரொக்பெல்லர் என்ற எண்ணெய்ச் செல்வந்தரின் பணத்தில் 1909 முதல் 1914 வரை அங்கே மருந்து கொடுக்கும் இயக்கம் நடந்தது. நமக்குச் சுவையான செய்தி என்னவென்றால், அந்த ரொக்பெல்லர் நிதியத்தின் ஆட்கள் 1916இல் இலங்கைக்கு வந்து, மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமாருக்கும் அதே புழுவுக்கு மருந்து கொடுத்தார்கள். புழுவுக்குத் தோலின் நிறம் தெரியவில்லை. வெறுங்கால் மட்டுமே தெரிந்தது.

சோம்பல் இரத்தத்தில் ஓடுகிறது என்று நம்பியவர்கள் இன்னும் தூரம் போனார்கள். வேர்ஜீனியாவில் கெரி பக் என்ற ஏழை வெள்ளைப் பெண், வளர்ப்புக் குடும்பத்தின் உறவினனால் கெடுக்கப்பட்டுக் கர்ப்பமானாள். அவமானத்தை மறைக்க அவளை மந்தபுத்திக்காரி என்று எழுதி ஒரு காப்பகத்தில் அடைத்தார்கள். அவளுக்குக் கட்டாயக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று 1927இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஒரேயொரு நீதியரசர் மட்டுமே மாறுபட, தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறை மந்தபுத்தி போதும் என்று எழுதினார் நீதியரசர் ஹோம்ஸ். அந்தப் பேத்தி பாடசாலையில் சிறப்புச் சித்தி பெற்ற பிள்ளை. ஏழைப் பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றி அவளைக் கேளாமல் மற்றவர்கள் முடிவெடுப்பது என்னவென்று மலையகத் தாய்மாருக்கு நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை.

குடியைப் பற்றி: ஆம், அங்கே போதை ஒரு பெருந்துயரம்தான். ஆனால் அது கசிப்பைப் போல ஒளித்து வந்ததன்று. மருத்துவச் சீட்டோடு வந்தது. 1996இல் சந்தைக்கு வந்த ஒக்ஸிகொன்டின் என்ற வலிநிவாரணியை, அடிமைப்படுத்தும் ஆபத்து குறைவானது என்று தவறாகச் சொல்லி விற்றதை அதன் உற்பத்தி நிறுவனம் 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. முதுகு ஒடிந்த சுரங்கத் தொழிலாளர்கள் நிறைந்த மாவட்டங்களைத் தேடித்தான் இந்த வகை மாத்திரைகள் போயின. சுமார் 400 பேர் வாழும் கெர்மிட் என்ற ஊரின் ஒரு மருந்துக்கடைக்கு இரண்டு ஆண்டுக்குள் ஏறத்தாழ 90 லட்சம் வலிநிவாரணி மாத்திரைகள் இறங்கின. சோம்பேறிகள் யார் என்று இப்போது சொல்லுங்கள், ஐயா: மாத்திரை விழுங்கியவர்களா, 90 லட்சம் மாத்திரையை எண்ணிப் பார்க்காமல் இருந்த அதிகாரிகளா?

கேள்வி: கறுப்பினத்தவர் பட்ட கொடுமைக்கு முன்னால் இந்த வெள்ளையருக்கு நாம் ஏன் இரங்கவேண்டும்? அந்த ஏழை வெள்ளையர்தானே கறுப்பினத்தவரை அடித்து விரட்டியவர்கள்?
— நூலகப் பணியாளர், மாத்தளை

பதில்: உங்கள் கேள்வியின் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். இன்றும் அமெரிக்காவில் கறுப்பினத்தவரின் வறுமை வீதம் வெள்ளையருடையதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எந்த வெள்ளையரும் தம் நிறத்தின் காரணமாக ஏழையாக்கப்படவில்லை. ஏழை வெள்ளையர் பலர் வெறியாட்டங்களில் கலந்துகொண்டதும் உண்மை. இவற்றை மறைத்து "எல்லாரும் ஒன்றாகத்தான் துன்பப்பட்டோம்" என்று எழுதுபவரை நான் நம்புவதில்லை.

மறுபாதிக்கு வருகிறேன். 1676இல் வேர்ஜீனியாவில் நெதானியல் பேக்கனின் கலகத்தில், வெள்ளை வேலையாட்களும் கறுப்பு வேலையாட்களும் ஒரே பக்கத்தில் நின்று தலைநகர் ஜேம்ஸ்டவுனை எரித்தார்கள். (அந்தப் பேக்கன் ஏழைகளின் தோழன் அல்லன், பூர்வகுடிகளை அழிக்கப் புறப்பட்டவன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) அந்த நெருப்பைப் பார்த்த பெரிய தோட்டக்காரர்கள் பாடம் படித்துக்கொண்டார்கள். 1705இல் வந்த சட்டத்தின்படி, வெள்ளைக் கிறிஸ்தவ வேலையாளை நீதவானின் கட்டளையின்றி ஆடை களைந்து சவுக்கால் அடிக்கக் கூடாது. தவணை முடிந்து போகும் ஆணுக்குச் சோளமும் முப்பது ஷில்லிங்கும் ஒரு துப்பாக்கியும் கொடுக்கவேண்டும். அதே சட்டம் அடிமைகளின் மாட்டையும் குதிரையையும் பன்றியையும் பறிமுதல் செய்தது. நிலம் கேட்டவனுக்குக் கிடைத்தது, தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற உறுதி. கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் 1935இல் இதைத்தான் ஏழை வெள்ளையனுக்குக் கூலியின் பகுதியாகக் கொடுக்கப்பட்ட மனக்கூலி என்றார். சம்பளப் பட்டியலில் ஏறாத கூலி அது. அதைப் பெற்றுக்கொண்டவன் மற்றக் கூலியைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த உறுதியும் முழுதாகக் காக்கவில்லை. 1890களிலிருந்து தென்மாநிலங்கள் கறுப்பினத்தவரின் வாக்கைப் பறிக்க, வாக்களிப்பதற்குக் கட்டவேண்டிய தலைவரியைக் கொண்டுவந்தபோது, வரி கட்ட வழியில்லாத ஏழை வெள்ளையரும் பெருந்தொகையில் வாக்கிழந்தார்கள். வலை வீசியவர்களுக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை. மாநிலத் தேர்தல்களில் அந்த வரி முற்றாக ஒழிந்தது 1966இல்.

இனி நம் பக்கத்தைப் பாருங்கள். தோட்டத்து எல்லைக்கு அப்பால் உள்ள சிங்களக் கிராமத்தவரை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டத்தின் கீழ் அவர்கள் காடு வெட்டிப் பயிரிட்ட சேனை நிலத்தையும் மேய்ச்சல் காட்டையும் அரசு தனதாக்கிக் கோப்பித் தோட்டக்காரருக்கு விற்றது. கண்டி விவசாயிகள் ஆணைக்குழு 1951இல் அவர்களுடைய வறுமையைப் பக்கம் பக்கமாகப் பதிந்தது. ஆனால் அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? நிலத்தைப் பறித்தவன் துரையல்லன், மேலே லயத்தில் இருக்கும் தமிழன் என்று. நமக்குச் சொல்லப்பட்டது என்ன? கிராமத்தான் சோம்பேறி, வேலைக்கு வளையாதவன், நம்மைத் துரத்தக் காத்திருப்பவன் என்று. 1948இல் நம் பிரசாவுரிமை போனபோது அந்தக் கிராமத்தவருக்குக் கிடைத்தது ஓரங்குல நிலமுமன்று, மனக்கூலிதான். 1977 மே மாதத்தில், தோட்டக் காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சியை எதிர்த்து டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் சூடுபட்டு விழுந்த நாளிலும், இரண்டு ஏழைகளை ஒரே காணித்துண்டின் இரு கரையில் நிறுத்தியவர்கள் வேறெங்கோ இருந்தார்கள். அந்தக் கிராமத்தவர் செய்த அடாவடியை மன்னிக்கும்படி நான் கேட்கவில்லை. அது எங்கே தயாரானது என்று பார்க்கும்படி கேட்கிறேன். அமெரிக்க வெள்ளையரைப் பற்றியும் என் நிலைப்பாடு அவ்வளவே. நம் லயத்துக்குள்ளேயே மேல்லயம், கீழ்லயம் என்று சாதி பார்த்துத் தண்ணீர் எடுத்த காலத்தையும் இந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: அங்கேயும் மண்சரிவுகள் உண்டா?
— வாசகர், கொஸ்லந்தை

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் கேட்கும் வகையில் நெருங்கிய ஒன்று, 1972 பெப்ரவரி 26ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் பஃபலோ கிரீக்கில் நடந்தது. நிலக்கரிக் கழிவைக் கொட்டி எழுப்பிய அணை மழையில் உடைந்து, அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களை அடித்துக்கொண்டு போனதில் 125 பேர் இறந்தார்கள். கொம்பனி அதைக் கடவுளின் செயல் என்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தை மண்சரிவில் நீங்கள் இழந்தவர்களை நான் அறிவேன். ஆபத்து என்று முன்பே சொல்லியிருந்தும் போவதற்கு வேறு காணி கொடுக்கப்படாத இடத்தில், கடவுளின் கணக்கில் எவ்வளவு எழுதலாம் என்பதை உங்களைவிட யார் சொல்ல முடியும்?

கேள்வி: இவ்வளவு வறுமையில் இருப்பவர்கள் ஏன் கோடீஸ்வரருக்கே வாக்களிக்கிறார்கள்?
— தொழிற்சங்கச் செயற்பாட்டாளர், தலவாக்கலை

பதில்: முதலில் ஒரு திருத்தம். ஏழைகளில் பலர் வாக்களிப்பதே இல்லை. வாக்களிப்பு வீதம் மிகக் குறைந்த மாநிலங்களில் மேற்கு வேர்ஜீனியாவும் ஒன்று. "ஏழை வெள்ளையரின் வாக்கு" என்று தொலைக்காட்சியில் பேசப்படுவதில் வசதியான வெள்ளையரின் வாக்கும் ஒளிந்திருக்கிறது.

அடுத்து, அவர்கள் எப்போதும் அப்படி வாக்களித்தவர்கள் அல்லர். 1932 முதல் 1996 வரை அம்மாநிலம் மூன்றே மூன்று தடவை தவிர மற்ற எல்லா ஜனாதிபதித் தேர்தல்களிலும், அன்று தொழிலாளர் கட்சியாக மதிக்கப்பட்ட ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. இடையில் நடந்தது என்ன? 1940களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அங்கே சுரங்க வேலை இருந்தது. இன்று இருபதாயிரம் பேருக்குக்கூட இல்லை. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கமே இயந்திரமயமாக்கலை ஏற்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. பதிலுக்கு வைத்தியசாலையும் ஓய்வூதியமும் கிடைத்தன, வேலைகள் போயின. சங்கம் மெலிந்ததும், அரசியல் பேச ஆள் கூடிய இடமும் மெலிந்தது. கூட்டு ஒப்பந்தக் காலங்களில் நாம் கண்டவற்றை வைத்து இதை நீங்கள் என்னைவிட நன்றாக விளக்குவீர்கள். சந்தாப் பணம் செக்ரோலில் கழிந்துகொண்டே இருந்தாலும் ஒரு சங்கம் இல்லாமற் போகலாம்.

தலைவர்கள் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. 1961இல் நாட்டின் புதிய உணவு முத்திரைத் திட்டம் முதன்முதலாகத் தொடங்கியது மேற்கு வேர்ஜீனியாவின் மெக்டவல் மாவட்டத்தில்தான். 1964இல் ஜனாதிபதி ஜோன்சன் கென்டக்கியின் ஐனெஸ் என்ற ஊருக்கு அருகே ஒரு மலைக்குடிசைத் திண்ணையில் குந்தியிருந்து பேசும் படம், வறுமைக்கு எதிரான யுத்தத்தின் அடையாளமாக அச்சாயிற்று. பின்னால் வந்தவர்களும் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். மெக்டவல் மாவட்டத்தில் 1950இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் இருபதாயிரத்துக்கும் குறைவு. படம் எடுத்தவர்களில் எவரும் அந்த மலையின் உரிமைப் பத்திரத்தைத் திருப்பி வாங்கிக் கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து "உங்களை ஏய்த்தவர்கள் எல்லையைத் தாண்டி வந்தவர்கள்" என்று சொன்னால், பொய்யாக இருந்தாலும், ஏய்க்கப்பட்டீர்கள் என்று ஒப்புக்கொண்ட முதல் ஆள் அவராகத் தெரிகிறார். எனக்கு இது சரியான தெரிவாகப் படவில்லை. விளங்காத தெரிவாகவும் படவில்லை.

கேள்வி: அந்தச் சிவப்புக் கைக்குட்டைக்குப் பிறகு அவர்கள் ஒன்றுமே செய்யவில்லையா? சங்கக் கூட்டத்தில் சொல்ல ஏதாவது தாருங்கள்.
— தோட்டப் பாடசாலை ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: 2018 பெப்ரவரி 22ஆம் திகதி மேற்கு வேர்ஜீனியாவின் 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பலர் கழுத்தில் கட்டியிருந்தது சிவப்புக் கைக்குட்டை. சங்கத் தலைவர்கள் ஓர் இணக்கத்தை அறிவித்த பிறகும், சட்டமாக எழுதிக் கையில் தரும் வரை போகமாட்டோம் என்று வகுப்புக்குத் திரும்ப மறுத்தார்கள். ஒன்பது பாடசாலை நாட்களுக்குப் பின், ஆசிரியருக்கு மட்டுமன்றி மாநில அரசின் ஊழியர்கள் எல்லாருக்கும் ஐந்து வீதச் சம்பள உயர்வு கிடைத்தது.

நீங்கள் கூட்டத்தில் சொல்லவேண்டியது வேறொன்று. வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானபோது, பாடசாலையில் கிடைக்கும் இலவச உணவை நம்பி வரும் பிள்ளைகள் அந்த நாட்களில் என்ன சாப்பிடுவார்கள் என்று ஆசிரியர்கள் யோசித்தார்கள். ஆகவே முதலில் அவர்கள் உட்கார்ந்து பாணையும் பழத்தையும் பையில் போட்டுப் பொதிகளாகக் கட்டினார்கள்.